கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிப் பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு நேரத்துக்குக் கப்பலேறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உல்லாசக் கப்பலில் கொழும்புக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் கிடைக்கும். காலையில் கரை தட்டும், மாலையில் புறப்பட்டுவிடும். துறைமுகமோ நகரத்தின் மடியிலேயே இருக்கிறது. வாயிலைத் தாண்டினால் கோட்டை என்ற அலுவலகப் பகுதி, அதற்குக் கிழக்கே புறக்கோட்டைக் கடைத்தெருக்கள், இன்னும் கொஞ்சம் போனால் கொச்சிக்கடை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பலர் பாதி நாளை வாயிலடியிலும் மீதி நாளை யாரோ ஒருவருடைய இரத்தினக்கல் கடையிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கப்பலில் வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழகியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இங்கே எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்தை நோக்கி நடந்து வர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசைப்படிதான்.

1. கப்பலில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

குடிவரவு விஷயத்தைக் கப்பலின் வரவேற்புப் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்கள். விசா, கரையிறங்கும் அனுமதி ஆகியவற்றின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். நண்பர் சொன்னதையோ போன வருட அனுபவத்தையோ நம்பாதீர்கள். கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோக வேண்டுமா, பிரதி போதுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். திரும்பி வரும்போது வாயிலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது தொலைபேசி. வாடகை வண்டி கூப்பிடும் செயலிகளான பிக்மீ, ஊபர் இரண்டும் கொழும்பில் ஓடுகின்றன. இரண்டுமே கணக்குத் திறக்கும்போது குறுஞ்செய்தியில் ஓர் எண்ணை அனுப்பும். கடலில் அந்தச் செய்தி வராது. ஆகவே ஊரில் கப்பலேறும் முன்பே கணக்கைத் திறந்துவைத்துவிடுங்கள். கொழும்பின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கக்கூடிய மாதிரி இறக்கி வைப்பதும் நல்லது.

கிழமையையும் பாருங்கள். ஞாயிறென்றால் புறக்கோட்டையில் பாதிக்கு மேல் கதவு மூடியிருக்கும். கோட்டையிலும் அலுவலகங்கள் இல்லாமல் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பௌர்ணமி நாள் இங்கே போயா விடுமுறை. அன்று கடைகள் குறைவு, மதுபானம் விற்க மாட்டார்கள். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசல்களைச் சுற்றிய தெருக்கள் ஜும்ஆத் தொழுகைக்கு நிரம்பிவிடும், அந்த நேரத்தில் புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலைப் (எட்டாம் படி) பார்க்கப் போவது சரிவராது. செவ்வாயில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கூட்டம் நெரியும்.

உடை விஷயம் சுருக்கமாக: தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, ஒரு சோடி காலுறை. காலுறை எதற்கென்று ஆறாம் படியில் தெரியும்.

2. திரும்பும் நேரத்தை முதலில் கணக்கிடுங்கள்

கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவதுதான் உங்கள் நேரம். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம்தான், ஆனால் வேறு நாட்டிலிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம். கைபேசியோ தானாகவே மாறிவிடும்.

கணக்கு இப்படிப் போகட்டும். 5.30க்கு ஏறியிருக்க வேண்டும் என்றால் 4.30க்குத் துறைமுக வாயிலில் நில்லுங்கள். வாயிலில் சோதனை, உள்ளே பஸ்ஸுக்குக் காத்திருப்பு, கப்பல் படியடியில் மறுபடி பைச் சோதனை என்று அந்த ஒரு மணித்தியாலம் கரைந்துவிடும். 4.30க்கு வாயிலில் நிற்க, 3.30க்கே கோட்டைக்குள் வந்துவிட வேண்டும். நாலரைக்குப் பிறகு அலுவலகங்கள் விடும், கோட்டைப் புகையிரத நிலையத்தைச் சுற்றி வாகனம் நகராது. கோட்டைக்குள் வந்துவிட்டால் எந்த நெரிசலிலும் நடந்தே வாயிலை அடையலாம்.

3. கப்பலிலிருந்து வாயில்வரை

துறைமுகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. கொள்கலன் லொறிகளும் பாரந்தூக்கிகளும் ஓடும் இடம் அது, பாதுகாப்பு வலயமும்கூட. கப்பலடியிலிருந்து வாயில்வரை விடப்படும் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

கப்பல் எந்தத் துறையில் கட்டப்படும் என்பது தடவைக்குத் தடவை மாறும். எனவே பஸ் ஏறும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த வாயிலில் இறக்குவீர்கள், திரும்ப எங்கே ஏற வேண்டும், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு. இறங்கியதும் அந்த வாயிலையும் பக்கத்துப் பெயர்ப்பலகையையும் படம் எடுக்க நினைப்பீர்கள். வாயிலைப் படம் எடுக்காதீர்கள், காவலர்கள் மறிப்பார்கள். நாலடி தள்ளி வந்து, எதிரில் உள்ள கட்டடத்தை எடுங்கள்.

துறைமுகத்துக்கு ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் பல வாயில்கள் உண்டு. திரும்பும்போது "ஹாபருக்குப் போங்க" என்று மட்டும் சொன்னால், ஓட்டோக்காரர் தனக்குத் தெரிந்த வாயிலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கோட்டைப் பக்கத்து வாயிலில் இறக்கினால் அடையாளம் சுலபம். யோர்க் வீதியின் முனையில் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் கட்டடம் நிற்கும். 1875இல் திறந்தது. கொழும்பில் ஓட்டோ ஓட்டும் யாருக்கும் அது தெரியும். அதையொட்டி இருப்பது புனித பேதுரு தேவாலயம், ஒருகாலத்தில் ஒல்லாந்த (டச்சு) ஆளுநரின் வாசஸ்தலம். இனிவரும் படிகளில் 'வாயில்' என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். வேறு இடத்தில் இறக்கிவிட்டால் முதலில் இங்கே வந்துவிடுங்கள்.

4. காசு மாற்றுதல்

வாகனம் பிடிக்கும் முன் காசு மாற்ற வேண்டும். கையில் இலங்கை ரூபாய் இல்லாமல் பேரம் பேசினால் டொலரில் விலை சொல்வார்கள், அது எப்போதும் உங்களுக்கு நட்டம். யோர்க் வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வங்கிகளும் உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடைகளும் இருக்கின்றன. தெருவில் வந்து "சேஞ்ச், சேஞ்ச்" என்று கூப்பிடுபவரிடம் மாற்றாதீர்கள்.

இந்திய ரூபாயையும் இந்தக் கடைகளில் மாற்றலாம். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவில் கைபேசியால் பணம் செலுத்தும் முறையான யூ.பி.ஐ. இங்கே சில கடைகளில் செல்லுபடியாகிறது. ஆனால் ஓட்டோவுக்கும் தேநீருக்கும் அதை நம்பிப் போகாதீர்கள்.

மாற்றும்போது 5000 ரூபாய்த் தாளாக வாங்கிக்கொள்ளாதீர்கள். நூறும் ஐந்நூறுமாகக் கேட்டு வாங்குங்கள். ஓட்டோவில் இறங்கி ஐயாயிரத்தை நீட்டினால், "சில்லறை இல்லையே" என்ற பதில்தான் வரும்.

5. வாயிலடியில் மடக்குபவர்களைத் தாண்டுதல்

வாயிலைவிட்டு வெளியே வந்ததும் உங்களைச் சுற்றி ஆள் சேரும். இவர்களில் நேர்மையாக வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு, கதை சொல்பவர்களும் உண்டு. கதை எது என்று தெரிந்தால் போதும். "இன்றைக்குக் கோயிலில் யானைத் திருவிழா, ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்", "இன்றைக்கு மட்டும் அரசாங்க இரத்தினக்கல் விற்பனை", "புறக்கோட்டை இன்றைக்குப் பூட்டு". மூன்றும் பழைய கதைகள். இவற்றின் முடிவு எப்போதும் ஒரு நகைக்கடை வாசல்தான், ஓட்டுநருக்கு அங்கே கழிவு (கமிஷன்) கிடைக்கும்.

வாதாட வேண்டாம், நிற்கவும் வேண்டாம். "இல்லை, நன்றி" என்று சொல்லிக்கொண்டே யோர்க் வீதியில் ஒரு நூறு மீற்றர் நடந்துவிடுங்கள். அங்கே நின்று செயலியில் வண்டி கூப்பிடுங்கள். துறைமுகத்துக்குள் இருந்தபடியே கூப்பிட்டால் செயலி உங்களை உள்ளே எங்கேயோ காட்டும், வண்டியோ உள்ளே வர முடியாது. அழைப்பு ரத்தாகிவிடும்.

செயலி இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டோவை மறியுங்கள். வாயிலடியில் காத்து நிற்கும் வண்டியைவிட அது பெரும்பாலும் மலிவு. ஏறும் முன் கேட்க வேண்டியது: "அண்ணே, மீற்றர் போடுவீங்களா?" ஓட்டுநர் முஸ்லிம் என்று தெரிந்தால் "நானா" என்று கூப்பிடுங்கள், முகம் மலரும். கொழும்பில் ஓட்டோ ஓட்டுபவர்களில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் வெளிநாட்டு விலை, தமிழில் ஆரம்பித்தால் பேச்சே வேறு.

6. முதலில் கொச்சிக்கடைக்குப் போங்கள்

எல்லோரும் செய்யும் தவறு வாயிலிலிருந்து கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க ஆரம்பிப்பது. கோட்டையின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, புறக்கோட்டையில் அலைந்து, உச்சி வெயிலில் களைத்துப்போய்க் கொச்சிக்கடையை எட்டும்போது கோயில் நடை சாத்தியிருக்கும். மாலை நாலு மணியளவில்தான் மறுபடி திறப்பார்கள். அப்போது நீங்கள் கப்பலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் வாயிலிலிருந்து நேராக ஓட்டோவில் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர், நெரிசல் இல்லாவிட்டால் கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஓட்டுநரிடம் "கொச்சிக்கடைச் சிவன் கோயில்" என்றாலே புரியும்.

19ஆம் நூற்றாண்டில் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில் இது. அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே கொள்கலன் லொறிகளின் இரைச்சல். உள்ளே நுழைந்து நாலு தூண் கடந்தால் அது மங்கிவிடும். எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன கல் தூண்கள், மேலே கல்லாலேயே வேய்ந்த கூரை, நண்பகலிலும் விளக்கு வெளிச்சத்தில்தான் சிற்பம் தெரியும். நின்று பாருங்கள், அவசரப்பட வேண்டாம். இந்த நாளில் ஒரு மணித்தியாலம் செலவழிக்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

காலுறை இங்கேதான் உதவும். பத்து மணிக்கு மேல் கோயிலின் திறந்த வீதியில் (பிரகாரத்தில்) கருங்கல் சுடும், பழக்கமில்லாத பாதம் தாங்காது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் இதை மறக்கவே கூடாது. உள்ளே படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் நடை தூரம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்ற வரும் இடம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. பையைச் சோதிப்பார்கள், பொறுமையாகத் திறந்து காட்டுங்கள். பெரிய முதுகுப் பை இல்லாமல் வந்தால் வேலை சுலபம்.

7. செட்டியார் தெரு வழியே தெற்கே

இனி நடைதான். வரைபடத்தில் 'சீ ஸ்ட்ரீட்' என்று இருப்பது நம்மவர்களின் செட்டியார் தெரு. இரு பக்கமும் நகைக்கடைகள், இடையிடையே கதிரேசன் (முருகன்) கோயில்கள். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவில் தேர் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான்.

சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். சைவக் கடைகள் இருக்கின்றன. தோசை, வடை, பிளேன்டீ என்று பதினொன்று, பதினொன்றரைக்கே முடித்துவிட்டால், பன்னிரண்டு மணிக்குக் கடை ஊழியர் கூட்டம் வந்து இடமில்லாமல் போவதற்கு முன் எழுந்துவிடலாம். புறக்கோட்டைக்குள் போனபிறகு நிதானமாக உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், கழிவறை கிடைப்பது இன்னும் கஷ்டம். சாப்பிடும் இடத்திலேயே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை வாங்கும் எண்ணம் இருந்தால் அன்றைய பவுண் விலையை முதலில் தெரிந்துகொண்டு போங்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

8. புறக்கோட்டைக்குள் நடப்பது

செட்டியார் தெரு முடிந்து பிரதான வீதிப் பக்கம் வந்தால் கூட்டம் உங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். இங்கே திசை தவறாமல் இருக்க ஒரு வழி: குறுக்குத் தெருக்களின் எண். ஐந்தாம் குறுக்குத் தெருவிலிருந்து முதலாம் குறுக்குத் தெருவுக்கு எண் குறையக் குறைய நீங்கள் மேற்கே, அதாவது கோட்டையை நோக்கிப் போகிறீர்கள். எண் கூடினால் திரும்பி நடக்கிறீர்கள் என்று அர்த்தம். வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நடக்கும் ஆட்களைவிட இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் சீக்கிரம் வெளியே வருகிறார்கள். கைபேசியும் பத்திரம்.

நடைபாதை முழுக்கக் கடை விரித்திருப்பார்கள், தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அங்கே முதல் உரிமை நாட்டாமிகளுக்கு, அதாவது சுமை இழுக்கும் தொழிலாளிகளுக்கு. துணிப் பொதிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய கைவண்டியை இழுத்து வரும் மனிதரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பின்னாலிருந்து குரல் கேட்டால் யாரென்று திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கடைப் படியில் ஏறிவிடுங்கள். புதிதாக வருபவர்கள் தெரு நடுவே நின்று படம் எடுப்பதும், வண்டிக்காரர் கால்களை ஊன்றிப் பாரத்தைப் பிடித்து நிறுத்தத் திணறுவதும் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல் என்ற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரி ஓடும் கட்டடம். 1909இல் கட்டி முடித்தது. தொழுகை நேரம் தவிர்த்துப் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். வாசலில் கேளுங்கள், தலை மூடத் துணி தேவைப்படும். எதிரில் தெரு ஒடுக்கம் என்பதால் முழுக் கட்டடமும் படத்தில் அடங்காது. சற்றுத் தள்ளி மூலையிலிருந்து எடுப்பதுதான் நல்லது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். கொச்சிக்கடைக்கு வந்த ஓட்டோவையே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பேசி வைத்துக்கொண்டு நேராகக் கோட்டைக்குத் திரும்பலாம்.

9. கோட்டை: கடைசியாக, வாயிலுக்குப் பக்கத்தில்

பிரதான வீதியின் மேற்கு முனையில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். 1923இல் எழுந்தது. அதைத் தாண்டினால் பத்து நிமிடத்தில் கோட்டைக்குள் இருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கோட்டைக்குள் இன்னொரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. சதாம் வீதிச் சந்தியில் 1857இல் கட்டி, பிறகு 1952வரை வெளிச்சவீடாகவும் இருந்தது. இரண்டு பிரிவாகப் பிரிந்து போகும் குடும்பங்கள் "மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கோபுரத்தடியில் நின்று ஒருவரையொருவர் தேடுவது அடிக்கடி நடக்கும். சந்திக்கும் இடமாக யோர்க் வீதியின் சிவப்புக் கார்கில்ஸ் கட்டடத்தைச் சொல்லுங்கள். அப்படி ஒன்றுதான் அங்கே இருக்கிறது.

கோட்டை மதிலைத் தேடாதீர்கள். பிரித்தானியர் 1870 வாக்கில் அதை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மிச்சம். அதே மாதிரி, கோட்டைப் புகையிரத நிலையமும் கோட்டைக்குள் இல்லை, புறக்கோட்டைப் பக்கம் இருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தால் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை முற்றத்தில் உட்காருங்கள். தடித்த சுவரும் ஓட்டுக் கூரையுமாக 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இப்போது உள்ளே உணவகங்களும் கடைகளும். காற்று வேண்டுமென்றால் இன்னும் தெற்கே காலிமுகத்திடல் இருக்கிறது, இறால் வடை சாப்பிடலாம். ஆனால் அது வாயிலுக்கு எதிர்த்திசை என்பதை ஞாபகம் வையுங்கள். ஜனாதிபதி மாளிகைப் பக்கம் காவலர் மறித்தால் காரணம் கேட்டு நிற்காமல் அடுத்த தெருவால் போங்கள்.

10. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால்

நம்மவர்கள் பலருக்குக் கொழும்பு என்றால், தெற்கே தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தைதான். காலி வீதியால் ஓட்டோவில் போனால் சமிக்ஞை விளக்குகளிலேயே நேரம் போய்விடும். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் போங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. வழியெல்லாம் கடல். எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது, ஏறும் முன் கேளுங்கள். பஸ் என்றால் 100, 101 இரண்டும் காலி வீதியால் போகும்.

வெள்ளவத்தைக்குப் போனால் மேலே சொன்ன நடையில் பாதியை விட வேண்டியிருக்கும். கொச்சிக்கடையை முடித்துவிட்டு நேரே நிலையத்துக்குப் போங்கள். சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு ஒரு மணித்தியாலத்தில் முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள். பாசம் உள்ளவர்கள் எழும்ப விடமாட்டார்கள். வரும்போதே "மூன்று மணிக்குக் கிளம்பணும் மாமி" என்று சொல்லிவிடுவது நல்லது.

11. காலி, கண்டி பற்றி

இரண்டுமே கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் ஒரு வழிக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம். ஒரு பகலில் சொந்தமாகப் போய்த் திரும்ப முயலாதீர்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

12. திரும்பி ஏறுதல்

கணக்கிட்ட நேரம் வந்ததும் கிளம்புங்கள். "இன்னும் ஒரே ஒரு கடை" என்பதில்தான் எல்லோரும் பிந்துகிறார்கள். வாயிலுக்கு வந்தபின் மிச்சக் காசு இருந்தால், யோர்க் வீதிப் பக்கத்துக் கடையில் தேயிலை வாங்கலாம். பெரும்பாலான நாடுகளில் இலங்கை ரூபாயை மாற்றுவது கடினம்.

கப்பல் அட்டையும் அடையாள ஆவணமும் கையில் இருக்கட்டும், பையின் அடியில் தேடவைக்காதீர்கள். பின்னேரத்தில் மழை இறங்கினால், முக்கியமாக ஒக்டோபர், நவம்பரில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து பஸ்ஸுக்கு வரிசை நீளும். வானம் கறுக்க ஆரம்பித்தால் அரை மணித்தியாலம் முன்னதாகவே வாயிலுக்கு வந்துவிடுங்கள்.

கப்பல் முகவரின் உள்ளூர்த் தொலைபேசி எண் அன்றன்று அறைக்கு வரும் தாளில் இருக்கும். அதைக் கிழித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வழியில் ஏதாவது நடந்து பிந்தும் என்று தெரிந்த உடனே அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், வாயிலுக்கு வந்தபிறகு அல்ல.